நொதியைக் குறை சொல்லாதீர்கள், பாட்டிலைப் பாருங்கள்

"பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா" என்று செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: எந்த பிளாஸ்டிக், எந்த நிலையில்? ஜப்பானின் சக்காய் நகரில் கிடைத்த இடியோனெல்லா சக்காயென்சிஸ் என்ற பாக்டீரியா, பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) படலம் ஒன்றை 30 டிகிரியில் ஆறு வாரத்தில் ஏறக்குறைய முழுதாகச் சிதைத்ததாக 2016இல் ஆய்வு வெளியானது. உண்மைதான். ஆனால் அந்தப் படலத்தின் படிகத்தன்மை, அதாவது அதன் சங்கிலி மூலக்கூறுகள் ஒழுங்காக நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும் அளவு, 1.9 சதவீதம். தண்ணீர் பாட்டிலின் சுவரில் அது 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வித்தியாசம் முழுக்க அங்கேதான்.

அந்தப் பாக்டீரியாவின் பெட்டேஸ் நொதி வெட்டுவது, பெட் சங்கிலியின் கண்ணிகளைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பை. நொதியின் அமினோ அமில வரிசையில் 160ஆம் இடத்துச் செரின், 237இல் ஹிஸ்டிடின், 206இல் ஆஸ்பார்டிக் அமிலம் என மூன்றும் கூட்டுவேலை செய்கின்றன. ஹிஸ்டிடின் செரினின் புரோட்டானை வாங்கிக்கொள்ள, செரினின் ஆக்சிஜன் எஸ்டர் பிணைப்பின் கார்பனைல் கார்பனை (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) தாக்கும். சங்கிலி அறுந்து ஒரு துண்டு நொதியிலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு நீர் மூலக்கூறு வந்து அதை விடுவிக்கும். 185ஆம் இடத்து டிரிப்டோபேன் அசைந்து இடம்விடுவது இந்த நொதியின் தனித்தன்மை. உறவு நொதிகளில் பருமனான ஹிஸ்டிடினும் பீனைல்அலனினும் அதை நெருக்கிப் பிடித்திருக்கும். இங்கே அந்த இடங்களில் சின்னச் செரினும் ஐசோலியூசினும் இருக்கின்றன. (பாலித்தீன் பையில் எஸ்டர் பிணைப்பே கிடையாது. அதற்கு இந்த நொதியால் ஒரு பயனும் இல்லை.)

எவ்வளவு அழகான நொதியானாலும், நெருக்கமாக அடுக்கப்பட்ட படிகத்திலிருந்து ஒரு சங்கிலியை உருவி எடுக்க முடியாது. அசையும் சங்கிலிதான் நொதியின் வெட்டும் பிளவுக்குள் நுழையும். பெட்டின் சங்கிலிகள் நன்றாக நெகிழ்வது 70 டிகிரி அருகில். பெட்டேஸோ 50 டிகிரியை எட்டுமுன்பே குலைந்துவிடும். அதனால்தான் 2020இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இலைமக்கிலிருந்து கிடைத்த வேறொரு கட்டினேஸை (இலைத்தோலில் உள்ள கட்டினை வெட்டும் நொதி) எடுத்தார்கள். கால்சியம் பிணையும் இடத்தில் டைசல்பைடு பாலம் (இரு கந்தக அணுக்களின் பிணைப்பு) போட்டு அதை வெப்பம் தாங்கவைத்து, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீதம் சிதைத்துக் காட்டினார்கள். செலவான நொதி ஒரு கிராம் பெட்டுக்கு 3 மில்லிகிராம்.

இன்னும் சூடேற்றினால் வேகம் கூடாதா? கூடாது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கே மெல்லப் படிகமாகத் தொடங்கும். நொதி முந்துகிறதா, படிகம் முந்துகிறதா என்ற போட்டி அது. எனவே பாட்டிலை முதலில் உருக்கி, சட்டென்று குளிரவைத்து, பொடியாக அரைக்க வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் மறுபடி படிகம்தான், அரைத்தும் பலனில்லை. என் கணக்கில் இந்த முன்தயாரிப்புக்கே பாதிப் புகழ் போய்ச் சேரவேண்டும். செய்தியில் அது வருவதே இல்லை.

இன்னொரு தலைவலி அமிலம். ஒரு கிலோ பெட் முழுதாகச் சிதைந்தால் அதன் மூலப்பொருள்களான சுமார் 864 கிராம் டெரிப்தாலிக் அமிலமும் 323 கிராம் எத்திலீன் கிளைக்காலும் வரும். அமிலம் சேரச்சேர பிஎச் சரியும், 8ஐ ஒட்டி வேலை செய்கிற நொதி தளரும். அதைத் தாங்கிப் பிடிக்க ஏறக்குறைய 416 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். பிறகு அமிலத்தைப் பிரித்தெடுக்கக் கந்தக அமிலம் ஊற்றினால் 739 கிராம் சோடியம் சல்பேட் மிஞ்சும். ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு முக்கால் கிலோ உப்பு! அதனால் வெப்பம் தாங்கும் நொதிக்கு அடுத்ததாக நான் எதிர்பார்ப்பது, அமிலத்திலும் அசராமல் வெட்டுகிற ஒன்றை. அப்படி ஒன்று வந்தால் டெரிப்தாலிக் அமிலம் தானே படிந்து கீழே இறங்கும், சோடாவும் வேண்டாம், உப்பும் மிஞ்சாது.