மணல் திட்டை வெட்ட அவசரம் வேண்டாம்
கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஆறு செத்துவிடுகிறது, ஆண்டு முழுவதும் அதை இயந்திரத்தால் வெட்டித் திறந்தே வைக்க வேண்டும் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்குடாவுக்குத் தெற்கே கடலில் கலக்கும் ஹெட ஓயா ஆற்றைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்து ஆறுகளுக்கு உயிர் கொடுப்பது வடகீழ்ப் பருவ மாரி. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீர்வரத்துக் குறைகிறது, அலை மணலைக் குவிக்கிறது. மாரி வெள்ளம் வந்ததும் அந்தத் திட்டு உடைகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் வளர்வதற்கு உள்ளே வருவதும் அந்த வாயால்தான். அடைபட்ட காலத்தில் ஒருமுறை அந்தத் திட்டில் நடந்தபோது, கால் வைக்கப்போன இடத்தில் மணல் நிறத்திலேயே கரும்புள்ளி போட்ட மூன்று முட்டைகள் கிடந்தன. கூடு என்று ஒன்றுமில்லை, வெறும் குழிதான். சற்றுத் தள்ளி உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவை ஒன்று இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடி என்னை அப்பால் அழைத்துச் சென்றது. இயந்திரம் ஓடினால் அந்த முட்டைகள் என்ன ஆகும்? வயல்களுக்குள் வெள்ளம் ஏறும்போது வெட்டுவது வேறு, அது தேவை. கோடையில் வெட்டினால் இருக்கும் கொஞ்ச நீரும் கடலுக்கு ஓடிவிடும், உவர் மேலேறும். ஆற்று முதலைகளைப் பிடித்து அகற்றச் சொல்லி மேலே கருத்து எழுதிய வாசகருக்கு: கண்டல் மரங்களின் ஓரத்து மணலில் வால் இழுத்த தடம் தெரிந்தால் அங்கே இறங்காமல் இருப்பதே எங்கள் வழக்கம்.