இரட்டிப்பான சொத்தில் யாருடைய உழைப்பு?

அந்த உரையை இதற்குள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அப்பா விட்டுச்சென்ற ரயில்வே சொத்தைத் தன் உழைப்பால் மட்டுமே இரட்டிப்பாக்கிய மகன் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்வே முதலாளி வில்லியம் ஹென்றி வான்டர்பில்ட்டை நம் பிள்ளைகள் முன்னால் நிறுத்திப் பேசியதும், அதற்கு அரங்கமே கைதட்டியதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது அவருடைய உழைப்பு மட்டும் அல்ல.

1877 ஜனவரியில் அவருடைய அப்பா கார்னீலியஸ் வான்டர்பில்ட் இறந்தபோது இருந்த சொத்து ஏறத்தாழ 10 கோடி டாலர். அதில் ஒன்பது கோடிக்கு மேல் இந்த ஒரு மகனுக்கே போய்ச் சேர்ந்தது. இன்னொரு மகனுக்குக் கிடைத்தது 2 லட்சம் டாலர் வைப்பின் வருமானம் மட்டுமே. உயிலை எதிர்த்து வழக்கு நடந்து, 1879இல்தான் சமரசமானது. 1885 டிசம்பரில் வில்லியம் கண்மூடியபோது சொத்து சுமார் 20 கோடி. ஒன்பது ஆண்டில் இருமடங்கு என்றால் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது சதவீத வளர்ச்சி. அவர் கையிலிருந்த நியூயார்க் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தின் பங்குகள் அந்நாளில் 8 சதவீத ஈவுத்தொகை தந்தன. ஒன்பது கோடியில் தொடங்குகிறவருக்கு எட்டு சதவீதம் என்ன செய்யும் என்பதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

அவருக்குத் திறமையே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மந்தபுத்தி என்று அப்பாவே ஒதுக்கி நியூயார்க்கை ஒட்டிய ஸ்டேட்டன் தீவுக்கு அனுப்பிய மகன், அங்கே பண்ணையை லாபத்துக்குக் கொண்டுவந்தார். நொடித்துப்போன அத்தீவின் ரயில் நிறுவனத்தையும் நிமிர்த்தினார். மக்கள் நாசமாய்ப் போகட்டும் என்று 1882இல் அவர் சொன்னதாக வந்த செய்தியைக்கூட நான் இங்கே இழுக்கவில்லை. அவரே அதை மறுத்திருக்கிறார்.

நான் கேட்பது 1877 ஜூலையைப் பற்றி. சொத்து கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நியூயார்க் சென்ட்ரல் தொழிலாளர்களின் கூலியில் 10 சதவீதம் வெட்டப்பட்டது. பங்குதாரர்களின் 8 சதவீத ஈவுத்தொகையில் யாரும் கை வைக்கவில்லை.

என் அப்பா ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். விடியற்காலையில் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகக் கிளம்பி, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, தளர்ந்ததைத் தட்டி இறுக்கிக்கொண்டே நடப்பார். மழைக்காலத்தில் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அம்மா மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவிவிடுவார். அந்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்திருந்தால் எங்கள் வீட்டில் முதலில் நின்றிருப்பது என் படிப்பாகத்தான் இருக்கும். அதனால்தான் அந்தக் கைதட்டல் எனக்கு வலிக்கிறது. தண்டவாளத்தில் நடந்த ஒருவருடைய பெயரும் அந்த உரையில் இல்லை.

எல்லா முதலாளிகளும் அன்று அப்படித்தான் என்பது ஒரு பதிலே அல்ல. அந்த ஜூலையில் நடந்த ரயில் வேலைநிறுத்தத்தில் சேராதவர்களுக்கு வில்லியம் ஒரு லட்சம் டாலர் பகிர்ந்தளித்தாரே என்றும் சிலர் எழுதுவீர்கள், தெரியும். வெட்டிய கூலியை எதிர்த்து வாய் திறக்காததற்குக் கொடுத்த பணத்தை என்னால் தர்மக் கணக்கில் எழுத முடியாது. 1879இல் வங்கியாளர் ஜே. பி. மோர்கன் வழியாக அவர் நியூயார்க் சென்ட்ரலின் இரண்டரை லட்சம் பங்குகளைப் பங்கு 120 டாலருக்கு விற்றார். அந்த விலையைத் தாங்கி நின்றது ரயிலை ஓட்டியவர்களின் வேலை. அந்தப் பேச்சாளர் அடுத்த ஊரில் பேசும்போது 20 கோடியோடு இந்த 10 சதவீதத்தையும் சேர்த்தே சொல்லட்டும்.