உலாவிகளை ஓட்டைகளின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள்

"குரோமில் இந்த ஆண்டு இத்தனை பாதுகாப்பு ஓட்டைகள், ஃபயர்பாக்ஸில் அதைவிடக் குறைவு, ஆகவே ஃபயர்பாக்ஸே பாதுகாப்பானது" என்று எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பெழுதும் பதிவுகளை அடிக்கடி பார்க்கிறேன். இந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறு. ஓர் உலாவியில் நிறைய ஓட்டைகள் வெளிப்படுகின்றன என்றால், அதைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். யாரும் எட்டிப் பார்க்காத உலாவியின் பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.

நான் கேட்கும் கேள்விகள் வேறு. ஓட்டை வழியே உள்ளே வந்தவன் எவ்வளவு தூரம் போக முடியும்? அந்த ஓட்டைக்கான திருத்தம் நம் கணினிக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது?

முதல் கேள்வியில் குரோமே முன்னோடி என்பதை, கூகுளின் விளம்பர வணிகத்தை விரும்பாத நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2008இல் வெளிவந்தபோதே அது வலைப்பக்கங்களைத் தனித்தனி புராசஸ்களாக (தனக்கென நினைவகப் பகுதி கொண்டு ஓடும் நிரல்களாக) பிரித்து, கணினியின் கோப்புகளைத் தொட முடியாதபடி சாண்ட்பாக்ஸ் என்னும் காவல் வேலிக்குள் அடைத்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும், கணினியின் மையச் சில்லான பிராசஸரின் குறைபாடு வெளியானபோது, ஒரே புராசஸில் திறந்திருக்கும் ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலை நினைவகத்திலிருந்து உறிஞ்சிவிடலாம் என்பது தெரியவந்தது. அதே ஆண்டு, 67ஆம் பதிப்பில், மேசைக்கணினிக்கான குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் புராசஸ் என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. ஃபயர்பாக்ஸ் அந்த இடத்துக்கு வர 2021ஆம் ஆண்டின் இறுதி ஆகிவிட்டது. மூன்றாண்டு என்பது சிறிய இடைவெளி இல்லை.

ஆனால் ஃபயர்பாக்ஸ் இன்னொரு முனையில் உழைத்தது. குரோமுக்கு அடித்தளமான குரோமியம் என்னும் மூலநிரலை எழுதும் குழுவே 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகத்தைக் கையாள்வதில் நேரும் தவறுகள். அத்தகைய தவறுகளுக்குப் பெரும்பாலும் இடம் தராத ரஸ்ட் என்னும் நிரல்மொழியை வளர்த்தெடுத்தது ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா. 2017இல் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது, பக்கங்களின் தோற்றத்தைக் கணிக்கும் எஞ்சினை அம்மொழியிலேயே எழுதியிருந்தார்கள். பிழையைச் சிறைவைப்பதைவிட, பிழை பிறக்காமல் தடுப்பதே மேலான வழி என்று நான் நினைக்கிறேன்.

எட்ஜ், பிரேவ், ஓப்பரா ஆகியவற்றை இந்த வகையில் தனித்தனியாக ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. எட்ஜும் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறிவிட்டதால் எல்லாவற்றின் அடித்தளமும் ஒன்றே. நம் நாட்டு ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் உலாவி எஞ்சினான வெப்கிட்தான்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரண்டாவது கேள்வி. குரோமியத்தின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், ஒரு திருத்தம் எழுதப்பட்டவுடன் அதைப் படித்து, ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவனும் அறிந்துகொள்ளலாம். அந்தக் கால இடைவெளியைக் குறைப்பதற்காகவே 2023 ஆகஸ்டிலிருந்து குரோம் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அடுத்த மாதமே விரைவின் அருமை தெரிந்தது: வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறந்து காட்டும் நூலகத்தில், அதாவது பல செயலிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பில், ஓர் ஓட்டை, அதுவும் ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருந்த ஓட்டை, வெளிப்பட்டது. குரோமும் ஃபயர்பாக்ஸும் அதே நூலகத்தைப் பயன்படுத்தியதால் இரண்டுமே சிக்கின. குரோம் செப்டம்பர் 11 அன்றும் ஃபயர்பாக்ஸ் மறுநாளும் திருத்தம் தந்தன. அந்த வாரத்தில் ஒருவரைக் காத்தது அவர் எந்த உலாவியை வைத்திருந்தார் என்பதன்று, அதை அப்டேட் செய்திருந்தாரா என்பதே.

அண்மையில் பெரியப்பாவின் மடிக்கணினியைப் பார்த்தேன். குரோமின் வலது மேல்மூலையில் அப்டேட் அறிவிப்பு சிவப்பாக நின்றது. திருத்தம் வந்த புதிதில் பச்சை, நான்கு நாள் ஆனால் ஆரஞ்சு, ஒரு வாரம் கடந்தால் சிவப்பு என்பது அதன் கணக்கு. "மூடினா தொறந்து வச்சதெல்லாம் போயிடும்ப்பா" என்று சொல்லி, வாரக்கணக்காக அவர் உலாவியை மூடவே இல்லை. திருத்தம் தானாக இறங்கி, மறுதொடக்கத்துக்காகக் காத்துக் கிடந்தது. ஓய்வூதியம் வரும் வங்கியின் பக்கத்தையும் அதே உலாவியில்தான் திறக்கிறார். அறிவிப்பை அழுத்தி மீண்டும் தொடங்கினோம். சில நொடிகளில் எல்லாத் தாவல்களும் இருந்த வரிசையிலேயே வந்து நின்றன. அப்படி வரும் என்பதை இத்தனை நாளும் அவரிடம் எங்களில் யாரும் சொல்லியிருக்கவில்லை.