"ஏன் போனாள்?" என்று கேட்காத உஸ்தாத்

2025 ஜூலையில் ஒரு மூன்று நாள் எங்கள் வீட்டில் மலையாளச் சேனலை யாரும் மாற்றவில்லை. எங்கள் குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் இது புதிதல்ல. 1956 வரை கேரளத்தோடு சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அந்தப் பக்கத்துச் செய்தி இன்றைக்கும் எங்களுக்கு அடுத்த வீட்டுச் செய்திதான். கொலை வழக்கில் ஏமன் சிறையில் இருந்த பாலக்காட்டு நர்ஸ் நிமிஷா பிரியாவுக்கு 16ஆம் தேதி மரண தண்டனை என்று நாள் குறித்துவிட்டார்கள். இதற்கு மேல் தங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று 14ஆம் தேதி மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மறுநாள் தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. பலரும் பாடுபட்டார்கள். ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் கதவைத் தட்டியவர் கேரளத்து சுன்னி மார்க்கத் தலைவர், 94 வயது காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார்.

நானும் நர்ஸ்தான். சவூதியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்த அன்றே மேனேஜர் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு மேசையின் இரண்டாவது டிராயரில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்புக் கொத்தில் கிடக்கும். அவர் நடக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும். உம்மாவுக்கு முடியாமல் போனபோது பதினோரு நாள் கேட்டும் அந்த டிராயர் திறக்கவில்லை. இங்கே வாப்பா ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் உதவி கேட்டுப் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பொம்பளப் புள்ளய எதுக்குவே தனியா அனுப்பினீரு?" வாப்பா பதில் சொல்லாமல் வந்துவிட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிமிஷா 2008இல் போனவள். அவள் கொன்றதாகத் தீர்ப்பான ஏமன்காரர் தலால் மஹ்தி. அவளுடைய பாஸ்போர்ட்டையும் அவர் பிடித்து வைத்திருந்தார் என்பது அவள் தரப்பு. அதற்காக ஒரு உயிர் போனது இல்லையென்று ஆகிவிடாது. "செத்த பையனுக்கும் ஒரு உம்மா இருப்பால்ல" என்று எங்கள் உம்மா டிவி முன்னால் இருந்து சொன்னதை நான் மறக்கவில்லை.

காந்தபுரம் உஸ்தாத், அதாவது அபூபக்கர் முஸ்லியார், பிடித்த வழியும் அந்தக் குடும்பத்தைப் பார்த்ததுதான். கொலைக் குற்றத்தில் மன்னிக்கும் உரிமை ஷரீஅத்தில் இறந்தவரின் வாரிசுகளுக்கு உண்டு. தியா என்னும் இழப்பீட்டை வாங்கிக்கொண்டும் மன்னிக்கலாம். தூதரகம் இதில் என்ன செய்ய முடியும்? ஏமன் தலைநகர் சனா ஹூதி கிளர்ச்சியாளர்கள் கையில், அவர்களோடு நம் அரசுக்கு அதிகாரபூர்வ உறவு கிடையாது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோத்திரம் இருக்கிறது, கோத்திரத்துக்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மதிக்கும் ஆலிம்கள், மார்க்க அறிஞர்கள், இருக்கிறார்கள். உஸ்தாத் ஏமனின் ஹளரமவுத் பகுதியில் உள்ள தரீம் நகரத்து ஷெய்கு ஹபீப் உமர் பின் ஹஃபீஸை அணுகினார். எங்கள் உம்மா ஓதும் ஹத்தாது ராத்திபு என்ற திக்ரு அந்தத் தரீமில் இருந்து வந்ததுதான்! ஹளரமவுத்துக்கும் மலபாருக்கும் நூற்றாண்டுகளாகப் போக்குவரத்து உண்டு. அந்தப் பழைய உறவுதான் இங்கே உதவியது. தண்டனையே ரத்தாகிவிட்டது என்று பிறகு அவர் தரப்பு சொன்னதை வெளியுறவுத் துறை மறுத்தது. தலாலின் சகோதரரும் விட்டுக்கொடுக்கவில்லை. கிடைத்தது அவகாசம்தான். மரண தண்டனைக்கு நாள் குறித்த வீட்டில் அவகாசம் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் செல்வாக்கு ஒரே நாளில் வந்ததில்லை. 1931இல் கோழிக்கோடு காந்தபுரத்தில் பிறந்தவர். 1978இல் காரந்தூரில் மர்கஸ் என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கி யத்தீம் பிள்ளைகளை, அநாதைப் பிள்ளைகளை, தங்கவைத்துப் படிக்கவைத்தார். 1989இல் கேரளத்து சுன்னி ஆலிம்களின் அமைப்பான சமஸ்தா பிளந்தது. அந்தப் பக்கம் இ.கே. அபூபக்கர் முஸ்லியார், இந்தப் பக்கம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார், பெயர் ஒன்றாக இருந்ததால் இன்ஷியலே அணியின் பெயராகிவிட்டது. இ.கே. அணி முஸ்லிம் லீக்கோடு நெருக்கம். ஏ.பி. அணி இடதுசாரிகள் பக்கம் சாய்ந்ததால் அவர்களை 'அரிவாள் சுன்னி' என்றே கூப்பிட்டார்கள். அவர் தேர்தலில் நின்றதில்லை. ஆனாலும் கேரளத்தில் எந்தக் கட்சிக்காரரும் அவரை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட முடியாது. 2019இல் டெல்லியில் அவரை கிராண்ட் முஃப்தி, தலைமை மார்க்கத் தீர்ப்பாளர், என்று அறிவித்தார்கள். அது அரசுப் பதவி இல்லை, எல்லாத் தரப்பும் ஏற்றதும் இல்லை.

அப்புறம் 2015. ஆண் பெண் சமத்துவம் இஸ்லாத்துக்கு எதிரானது, பெண்ணால் முடிந்தது பிள்ளை பெறுவது என்று அவர் பேசியதாகப் பத்திரிகைகளில் வந்தது. நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். அன்று வந்த கோபம் இன்றும் இருக்கிறது. அவர் சொன்னது தப்பு. நபியின் மனைவி கதீஜா நாயகி வியாபாரம் செய்தவர் என்பதைச் சொல்லித்தான் மத்ரஸாவில் எங்களுக்கே பாடம் நடத்தினார்கள்.

ஆனால் அதே மனிதர், வேறு மதத்துப் பெண்ணுக்காக, ஒரு கொலைக் குற்றவாளிக்காக, கடல் தாண்டிப் பேச ஆளைப் பிடித்தார். "ஏன் தனியாகப் போனாள்?" என்று தடுத்து நிறுத்தவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் அவரைப் பார்க்கிறேன்.

நம் ஜில்லாவிலும் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு வருகிறார்கள், துஆ கேட்கிறார்கள், ஆலிம்களோடு போட்டோ எடுக்கிறார்கள். நம் உஸ்தாதுமார் அந்த நேரத்தில் அவர்களிடம் என்ன கேட்கிறார்கள்? தேங்காப்பட்டணத்தில் இருந்து களியக்காவிளை வரை வளைகுடாவில் பிள்ளை இல்லாத தெரு உண்டா? வெளிநாடு போகிற ஒவ்வொருவரின் பெயர், கம்பெனி, பாஸ்போர்ட் நம்பர் எழுதி வைக்க ஜமாஅத் ஆபீஸில் ஒரு நோட்டுப் போடுங்கள். நர்ஸ் பிள்ளைகள் பெயரையும் எழுதுங்கள், எந்த மதமானாலும். அந்த நோட்டோடு எம்பியைப் போய்ப் பாருங்கள். முதல் நோட்டை நான் வாங்கித் தருகிறேன்.