போடி லைன்: ஒரே கரையில் மூன்று காலத்து வேலை

மதுரை–போடி ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏலக்காய் மூட்டை, கரி எஞ்சின், பழைய ஸ்டேஷன் போர்டு என்று அதோடு நின்றுவிடுகிறார்கள். பாதை போட்ட இடம், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் மண்கரை, அதற்கு மண் எடுத்த பள்ளம், பாறை வெட்டு, சிறுபாலம், இவை யார் கண்ணிலும் படுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் அளந்து வைக்க வேண்டியது இவற்றைத்தான். ஸ்டேஷனுக்காவது போட்டோ இருக்கிறது.

இந்த லைனில் ஒரு சிக்கல். 1928-ல் திறந்தது, உலகப்போர்க் காலத்தில் மூடி, 1950களில் மறுபடி போட்டது, 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்று, பிராட் கேஜாகி 2023 ஜூனில் போடி வரை வந்தது. ஆகவே கண்ணில் பட்ட செங்கல் பாலத்தையெல்லாம் "வெள்ளைக்காரன் கட்டினது" என்று பதிவு போடாதீர்கள்.

தண்டவாளத்தைப் பார்த்துக் காலம் சொல்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஆலைப் பெயர், எடை, உருட்டிய ஆண்டு புடைப்பெழுத்தில் இருக்கும். துருவில் மங்கியிருந்தால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள், எழுத்து மேலே வரும். பழைய தண்டவாளத்தில் எடை கெஜத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. 60 என்றால் மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. ஆனால் அந்த ஆண்டு ஆலையில் உருட்டிய ஆண்டு மட்டுமே. வேறு லைனில் தேய்ந்த தண்டவாளத்தைக் கொண்டுவந்து இங்கே போடுவதும், கடைசியில் வேலிக்கால், கூரை உத்திரம் என்று நட்டுவிடுவதும் ரயில்வேயில் சகஜம். அதை வைத்துக் கட்டடத்துக்கு வயது சொல்ல முடியாது.

பாலத்தில் மேல்பூச்சை நம்ப வேண்டாம். பின்னால் சிமெண்ட் வைத்து இடுக்குப் பூசியிருப்பார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே பாருங்கள். வெள்ளைக் கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு தெரிந்தால் அது பழைய காரை. ஒரு செங்கல்லை அளந்து பயனில்லை. சாந்தோடு சேர்த்துப் பத்து வரிசை உயரத்தை அளந்து பத்தால் வகுங்கள். பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளவு மாறினால், கரையை அகலப்படுத்தியபோது ஒரு பக்கம் நீட்டியிருக்கலாம்.

உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே கணவாய்ப் பாறையில் வெடிக்குழித் தடம், அதாவது பாறையை உடைக்க வெடிமருந்து திணித்த குழியின் தடம், கிடைத்தால் விடாதீர்கள். கையால் அடித்த குழி குட்டையாக, கொஞ்சம் கோணலாக, இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். மெஷின் குழி கோடு கிழித்தாற்போல் நீளமாக, சீரான இடைவெளியில் இறங்கும். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ எடுத்தால்தான் படத்தில் தெரியும். உச்சி வெயிலில் பாறை வெறும் வெள்ளை. பக்கத்தில் கறுப்பு வெள்ளை பட்டை போட்ட ஒரு மீட்டர் குச்சி கட்டாயம். அளவு இல்லாத படம் செல்ஃபிக்குச் சமம்.

கரையை ஒட்டி வரிசையாக, ஒரே தூரத்தில் நிற்கும் குட்டைகளை ஊரணி என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கரைக்கு மண் எடுத்த பள்ளம். உள்ளே அங்கங்கே மண் திட்டு விட்டிருந்தால், எடுத்த ஆழத்தை அளந்து கூலி போட விட்டதாக இருக்கும்.

ஆவணத்துக்கு எடுத்த எடுப்பிலேயே எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டாம். கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் ரயில்வே நிலம் எந்த சர்வே எண் என்று பார்த்து, அதற்குப் புலப்படம் (நில அளவைப் படம்) வாங்குங்கள். பாதையை விட அகலமாக ஒரு துண்டு ரயில்வே பேரில் இருந்தால், அங்கே குவாரியோ, சைடிங்கோ (பக்கத் தண்டவாளம்), கூலி லைனோ (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்திருக்கலாம். பழைய புலப்பட அளவு லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் 66 அடி. மீட்டர் என்று நினைத்தால் ஐந்து மடங்கு பிசகும். பழைய சர்வே ஆஃப் இந்தியா படத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே போனில் போட்டாலும் 100 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகலாம், அது பூமியின் வடிவத்துக்கு வேறு கணக்கை வைத்து வரைந்த படம். கோயில் கோபுரம், கண்மாய் மடை என்று இடம் மாறாத மூன்று நான்கு புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள்.

ஓடுகிற லைனில் அனுமதியில்லாமல் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-ன்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் கூட வரலாம். கிடக்கிற பழைய ஆணி ஒன்றை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டாலும் 1966-ம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டத்தில் வழக்கு வரும். தவிர, எடுத்த இடம் தெரியாத ஆணி வெறும் பழைய இரும்பு. கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.