பிள்ளையிடம் பேசுங்கள், ஆனால் பதில் சொல்லவும் விடுங்கள்

"நாங்க பிள்ளையோட பேசிக்கிட்டேதான இருக்கோம்" என்று சொல்லாத பெற்றோர் கிடையாது. சரி, என்ன பேசுகிறோம்? ஒரு நாள் நம் பேச்சை நாமே காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். வா, உட்காரு, அதைத் தொடாதே, வாயைத் திற, சீக்கிரம் விழுங்கு, செருப்பைப் போடு, கத்தாதே, தூங்கு. முக்கால்வாசி கட்டளை. மிச்சம் இருப்பது பரீட்சை: இது என்ன கலர், மாடு எப்படிக் கத்தும், மாமாவுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு. ஆபீசில் ஒருவர் நாள் முழுக்க நம்மிடம் இப்படியே பேசினால் அவரைக் கண்டாலே வேறு பக்கம் போய்விடுவோம். இதையெல்லாம் நான் பேச்சுக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இந்த விஷயத்தில் பெரிதாக அடிபடும் ஒரு கணக்கு உண்டு. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் போய், வீட்டில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்து, 1995-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை நாலு வயதுக்குள் ஏழை வீட்டுப் பிள்ளையைவிட 3 கோடி சொற்கள் அதிகமாகக் கேட்டுவிடுகிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. வெறும் 42 குடும்பங்களை வைத்து இவ்வளவு பெரிய முடிவா, வீட்டில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதெல்லாம் கணக்கில் இல்லையா என்று பின்னால் பலர் கேட்டார்கள், நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதற்குள் '3 கோடி' உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அது பரவியதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ஏனென்றால் அதைப் படித்தவர்கள் பிள்ளை காதில் எத்தனை சொல் விழுகிறது என்று எண்ண ஆரம்பித்தார்களே தவிர, பிள்ளை திருப்பி எத்தனை முறை பேசியது என்று எண்ணவில்லை.

அதை எண்ணிப் பார்த்தது 2018-ல் ரேச்சல் ரோமியோவும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வு. நாலு முதல் ஆறு வயதுவரை உள்ள 36 பிள்ளைகள். வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள், பிறகு பிள்ளைகள் கதை கேட்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பெரியவர் ஒன்று சொல்ல, பிள்ளை ஒன்று சொல்ல, மாறி மாறிப் பேசுவது எந்த வீட்டில் அதிகமோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு மூளையின் மொழிப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. பெற்றோரின் வருமானத்தையும் அவர்கள் பேசிய மொத்தச் சொற்களையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு இதில் பிடித்தது, மாறி மாறிப் பேசக் காசு வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம்.

போன மாதம் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அப்பாவும் மகளும். குழந்தைக்கு இரண்டரை வயது இருக்கும். மேலே கையைக் காட்டி "அது சுத்துது" என்றது. அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆமா, ஃபேன் சுத்துது. ஏன் சுத்துது?" என்றார். குழந்தை ஃபேனைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி ஃபேனைப் பார்த்தது. எனக்கே பொறுமை போய்விட்டது, நானாக இருந்தால் "கரண்ட்ல சுத்துதும்மா" என்று அதற்குள் முடித்திருப்பேன். அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் குழந்தை சொன்னது, "அதுக்கு வேர்க்குது." அவர் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. "அப்படியா! பாவம், அதுக்கு யாரு காத்து வீசுறது?" "நானு" என்று சொல்லிவிட்டு அந்தக் குழந்தை அண்ணாந்து ஊ ஊ என்று ஊத ஆரம்பித்தது. டோக்கன் கூப்பிடும்வரை ஊதிக்கொண்டே இருந்தது.

அவர் செய்ததில் கஷ்டமான வேலை அந்தச் சும்மா இருந்ததுதான். சின்னப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது மனதில் வந்து, அதற்கான சொல்லைத் தேடி, வாய்க்குக் கொண்டுவர நேரம் ஆகும். நாம் அந்த இடைவெளியைப் பொறுக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். அப்புறம் "இவன் கேட்டா பதிலே சொல்ல மாட்டான்" என்று அவன் எதிரிலேயே விருந்தாளியிடம் புகார் வேறு.

"பேசத் தெரியாத குழந்தையிடம் என்ன பேசுவது?" என்று கேட்பவர்களுக்கு: பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் மற்ற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்று 1980-லேயே காட்டிவிட்டார்கள். குழந்தை "ங்ங்" என்றால் நீங்களும் "ங்ங்" என்று சொல்லி நிறுத்துங்கள், அது திரும்பச் சொல்லும். அதுவும் பேச்சுதான். எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனையில், கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் அசைவே இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், எதற்கும் முகம் மாறாவிட்டால் வாடிப்போய்த் திரும்பிக்கொள்ளும். போனைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று யாரையாவது விட்டுப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

போன் என்றாலே பிள்ளை பார்க்கும் போனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். பட்ரிசியா கூல் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். 12 முறை. அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. எனவே "ரைம்ஸ் வீடியோ போட்டு விட்டிருக்கேன், பேசக் கத்துக்குவான்" என்ற நம்பிக்கையைக் கைவிடலாம். இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை நான் இதில் சேர்க்கவில்லை, அங்கே எதிரில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

எந்த மொழியில் பேசுவது என்று குழம்பவே வேண்டாம். உங்களுக்குச் சண்டை போடவும் கொஞ்சவும் எந்த மொழி தானாக வருகிறதோ அதில். ஸ்கூலுக்குத் தயார் செய்கிறோம் என்று தடுமாறும் ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று பேசும்போது பழையபடி கட்டளை மட்டும்தான் மிஞ்சும். வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் பேச்சு வராது என்பதும் உண்மை இல்லை.

இன்னொன்று, இது அவசியம் என்பதால் சொல்கிறேன். இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிள்ளையின் தாயிடம் போய் "நீ சரியாப் பேசலை, அதான்" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பேச்சு தாமதமாக ஒரு காரணமாக இருக்கக்கூடிய ஆட்டிசம்கூட, பெற்றோர் பேசாததால் வருவது இல்லை.

"எனக்குப் பேசவே வராது, நான் அமைதியான டைப்" என்று சொல்லும் அப்பாக்கள் நிறைய. உங்களைச் சொற்பொழிவு ஆற்றச் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது, பைக்கை நிறுத்திவிட்டு மாடி ஏறும்போது பிள்ளை ஏதாவது சொல்லத்தான் போகிறது. "ம்... அப்புறம்?" என்று கேட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.