பாட்டு முடிந்துவிட்டது என்று உன்னிடம் யார் சொன்னது?

நேற்றும் அதே 'டிக்'. இரவு 11 மணி.

அந்தச் சத்தத்தை ஆக்டிவ் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒலி வரவில்லை என்று நினைத்தால் ஸ்பீக்கர் தானாகத் தூங்கப்போகும். பச்சை விளக்கு சிவப்பாகும், உள்ளே ரிலே என்கிற ஸ்விட்ச் விழும், பாட்டு போச்சு.

கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதன் பாடிக்கொண்டிருந்தார். பழைய கச்சேரி. யாரோ ஒரு ரசிகர் கேசட்டில் பிடித்துவைத்து, பிற்பாடு கணினிக்கு ஏற்றியது. பதிவே தணிவு. பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறார். மாத்திரை போட்டுப் பத்து மணிக்குக் கண்ணை மூடுகிறவர். நடுவில் விழிப்பு வந்துவிட்டால் விடியும்வரை புரண்டுகொண்டே இருப்பார். அதனால் ஒலியை நன்றாகக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். மேசையில் ஸ்பீக்கருக்கும் என் காதுக்கும் மூன்றடி. அந்தத் தூரத்துக்கு முணுமுணுப்பே போதும். இதற்காகத்தானே இந்தப் பெட்டிகளை வாங்கினோம்? தாழ்ந்த ஒலிக்கான ஊஃபருக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கு ஒன்று என்று ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. கணினியிலிருந்து நேராக வயர். இரவில் கிட்டே உட்கார்ந்து மெல்லக் கேட்கலாம் என்றுதானே 46,000 ரூபாயைக் கொட்டினேன்?

சஹானா ராகம். கீழே மந்திர ஸ்தாயியில் இறங்கி, ஒரே ஸ்வரத்தை நீட்டி ஒரு கார்வையில் நிற்கிறார். அவர் நின்றால் நின்றதுதான், அவசரமே கிடையாது. தம்புரா மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த பிடியை எங்கே எடுக்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெல்லக் காந்தார ஸ்வரத்தை நோக்கி எழும்புகிறார். டிக். இடது ஸ்பீக்கர் தூங்கிவிட்டது.

இடது மட்டும்! ஒலி வருகிறதா என்று பார்க்க இரண்டுக்கும் தனித்தனி உணர்வான், தனித்தனிக் கணக்கு. அது மோனோ பதிவு, இரண்டிலும் ஒரே ஒலிதான். அதுவரை இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்த குரல் சட்டென்று வலது மூலைக்கு இழுத்துக்கொண்டு போனது. இன்னும் ஆறேழு நொடி. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருக்கிறேன். மறுபடி டிக். வலதும் போயிற்று.

இனி எழுப்ப வேண்டும். எப்படி? பட்டன் கிடையாது, ரிமோட் கிடையாது. கணினியில் ஒலியைக் கூட்ட வேண்டும். கூட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினேன். அதற்கு விழிக்கவே நாலைந்து நொடி ஆகும், அதற்குள் கை தானாக இன்னும் இரண்டு படி ஏற்றிவிடும். ஏற்றியது. திடீரென்று இரண்டும் சேர்ந்து விழித்தன. சஹானா தெருவுக்கே கேட்டது. அம்மா "என்னடா, யாரு வந்திருக்கா?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் விசைப்பலகைமேல் விழுந்து ஒலியைக் குறைக்கும்போது ஆலாபனை முடிந்து வயலின் தொடங்கியிருந்தது. அந்தக் காந்தாரம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

திரும்ப ஓட்டிக் கேட்கலாமே என்பீர்கள். ஓட்டினேன். அதே இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காது பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, 'டிக்'குக்காகக் காத்திருந்தது. என் ஆத்திரமே இதுதான். பாதியில் நிற்பதோடு போவதில்லை. இனி எந்த மௌனம் வந்தாலும், இது அவர் விட்ட மௌனமா, பெட்டி விட்ட மௌனமா என்று சந்தேகம் வருகிறது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் ஒரு விதி போட்டது. 2013இல் அதை இறுக்கியது. வேலையில்லாத நேரத்தில் கருவி தானாக ஓய்வுக்குப் போக வேண்டும், ஓய்வில் பொதுவாக அரை வாட்டுக்குமேல் மின்சாரம் இழுக்கக் கூடாது. நல்ல விதி, அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அதில் 'வேலையில்லாத நேரம்' என்றுதானே இருக்கிறது? பாடகர் பாடிக்கொண்டிருக்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் எது வேலையில்லாத நேரம்? உள்ளே வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருபது நிமிடம் இருந்தால் ஆளில்லை என்று முடிவுகட்டும்படி ஒரு சுற்றைப் போட்டு, அதை நிறுத்த ஒரு ஸ்விட்ச்கூட வைக்காமல் விற்றிருக்கிறார்கள். வேறு சில மாடல்களில் பின்னால் அந்த ஸ்விட்ச் இருக்கிறது. சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். அதைக்கூட மிச்சம்பிடித்திருக்கிறார்கள்.

எதை மிச்சம்பிடிக்கிறது இது? இரண்டும் சும்மா விழித்திருக்க 15 வாட் என்றே வைத்துக்கொள்வோம். நான் கேட்கிற மூன்று மணி நேரத்துக்கு 45 வாட்-மணி. ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தலைக்குமேல் ஓடுகிற பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. அது ஒருநாளும் 'நீ தூங்கிவிட்டாய்' என்று தானாக நின்றதில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "சார், கம்மியா வெச்சா அப்படித்தான் ஆகும். கொஞ்சம் சத்தமா வெச்சுக் கேளுங்க." இதைச் சொல்ல ஒருவர். அவர்மேல் கோபமில்லை, எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறார். மெல்லக் கேட்பவன் கேட்பதே இல்லை என்று முடிவுசெய்த வடிவமைப்பாளர்மேல்தான் கோபம்.

சரி, கணினியில் ஒலியை முழுசாக வைத்து ஸ்பீக்கரில் குறைத்துக்கொள் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். சரியான யோசனைதான், கணக்கும் சரிதான். கணினியில் 40 டெசிபல் குறைத்தால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்னழுத்தம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது, அதனால்தான் அது உணர்வதில்லை. ஆனால் திருகு எங்கே இருக்கிறது? பின்னால். சுவரைப் பார்த்து. பெட்டிக்கு ஒன்றாக இரண்டு, எண்கூடச் சரியாக எழுதாமல். இருட்டில் கையை விட்டு இரண்டையும் ஒரே அளவுக்குத் திருப்ப வேண்டும். ஒரு மயிரிழை மாறினால் பாடகர் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். பகலில் கூட்ட வேண்டுமானால் மறுபடி மேசையை இழுக்க வேண்டும். கணினி முழு ஒலியில் இருப்பதால் நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தால் அந்த 'டிங்' வேட்டுபோல் வெடிக்கும். அதையும் அனுபவித்தாயிற்று.

இன்னொரு யோசனையும் கிடைத்தது. காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓர் ஒலியைப் பின்னணியில் ஓட்டிக்கொண்டே இரு, ஸ்பீக்கர் தூங்காது. முடியாது. தம்புராவின் அடியில் இன்னொரு ஒலியைக் கலந்து நான் கேட்க மாட்டேன், அது என் காதில் விழாவிட்டாலும் சரி.

மடிக்கணினியின் சார்ஜரைச் சொருகினால் வரும் இரைச்சல், மவுஸை நகர்த்தினால் வரும் கீச்சொலி, இதையெல்லாம் நான் சொல்லவே வரவில்லை. அதற்காவது காரணம் புரிகிறது. எர்த் வழியாகச் சுற்றி வருகிறது, நல்ல கேபிள் போட்டால் அடங்கும், சார்ஜரைக் கழற்றிவிட்டும் கேட்கலாம். அது வீட்டுக் கோளாறு. இது யோசித்து, வரைந்து, சோதித்துப் பார்த்துச் செய்த கோளாறு.

நேற்று கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் கேட்டது. சன்ஷேடில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். மாடித் தொட்டி நிரம்பி எவ்வளவு நேரமாகக் கொட்டுகிறதோ தெரியவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆறு வீடு இருக்கிற கட்டடம், தொட்டி நிரம்பினால் தானாக நிற்கிற சென்சார் போடலாம் என்று இரண்டு வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை. நிற்க வேண்டியது நிற்பதில்லை, நிற்கக்கூடாதது நின்றுபோகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு நான்தான் கீழே இறங்கினேன், அந்த நேரத்தில்.